மாடித்தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள்: ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானே சொல்லிவிடுவேன். அவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

ரூ.14,800. மாடித்தோட்டம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்த பணம். இன்று காலை பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மதியம் பார்த்தால் என் எண்ணையே தடை செய்திருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இப்போது போட வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரர். சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, காய் குலுங்கும் மாடிகளைப் படம் பிடித்துப் போட்டு, 'பை, மண்கலவை, நாட்டு விதை, சொட்டுநீர், மூன்று மாதப் பராமரிப்பு, எல்லாம் எங்கள் பொறுப்பு' என்று அழைக்கிற வகை. இந்த வகையில் நல்லவர்களும் இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் இவர்கள்.

நாங்கள் செடிக்குப் புதியவர்கள் இல்லை. தாம்பரம் பக்கம் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பெயின்ட் வாளியிலும் உடைந்த குடத்திலும் ஏதாவது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தக்காளி இலைச்சுருட்டல் வந்து மொத்தமாகப் போனதுண்டு. வெண்டையில் மாவுப்பூச்சி அப்பி, பிடுங்கி எறிந்ததுண்டு. சுரைப்பூ மாலையில்தான் விரியும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட அத்தை இருட்டும் நேரத்தில் மாடி ஏறுவார். அப்படியும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்த காய்கள் எத்தனையோ. அதற்கெல்லாம் யாரையும் திட்டியதில்லை. இப்போது அத்தைக்கு முழங்கால் வலி. மண் கலந்து சுமக்க ஆள் வேண்டும், செடிகளைக் கொஞ்சம் ஒழுங்காக அடுக்கவும் வேண்டும் என்றுதான் இவர்களை அழைத்தோம்.

எப்படி நம்பினோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இதையேதான் செய்வார்கள். இடம் பார்க்க வந்த பையன் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேராக எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியிடம் போனான். ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவி, பிசுபிசுப்பை அத்தையிடம் காட்டினான். "பாட்டி, இது அசுவினி. இலைக்குப் பின்பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலமாக அடியுங்கள்." அடித்தோம், சரியாகிவிட்டது. அந்தக் கறிவேப்பிலை தழைத்ததைப் பார்த்துத்தான் அத்தை தன் ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதி முன்பணம், செடி முளைத்தபின் மீதி என்றுதான் பேச்சு. ஆடி பிறந்ததும் தொலைபேசியில், "ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டாமா அக்கா? முழுப் பணமும் கட்டினால் சலுகை விலை" என்றார்கள். ரூ.14,800 முழுவதும் கியூஆர் குறியீட்டில் போயிற்று. ரசீது பிறகு வரும் என்றார்கள். வரவேயில்லை.

அமைக்க வந்த நாளில் ஒரு வேடிக்கை. காய்த்து நின்ற கத்தரிச் செடிகள், தக்காளிச் செடிகள் சிலவற்றை எங்கிருந்தோ வண்டியில் கொண்டுவந்தார்கள். பைகளில் நட்டு, அத்தையை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் முடிந்ததும் அவற்றைத் திரும்பப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். "இது இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியது, பாட்டி. உங்களுக்கு விதையிலிருந்து வரும், அதுதான் இயற்கை முறை." அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் பக்கத்தில் 'மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்று சிரித்துக்கொண்டிருக்கிறது.

விதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்கு உறுத்தியது. வெண்டை விதை பளிச்சென்று ரோஸ் நிறத்தில் இருந்தது. வெண்டை விதை இயல்பில் பச்சை கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். பூஞ்சைக்கொல்லி மருந்தில் நேர்த்தி செய்த விதைக்குத்தான் இப்படிச் சாயம் ஏற்றுவார்கள், யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. கேட்டால் "பீட்ரூட் சாற்றில் நேர்த்தி செய்தது, மேடம்" என்றாள் தொலைபேசியில் ஒரு பெண். பொட்டலத்தில் ரகம் இல்லை, முளைப்புத்திறன் இல்லை, பரிசோதித்த தேதி இல்லை, ஒன்றுமே இல்லை. கத்தரிக்கு மட்டும் கையால் 'இலவம்பாடி முள்ளுக்கத்தரி' என்று எழுதியிருந்தார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் மாவட்டத்துக் கத்தரி அது. அந்தப் பெயருக்காகவே தனியாக விலை போட்டிருந்தார்கள். தப்பிப் பிழைத்த ஒரே ஒரு கத்தரிச் செடி இப்போது காய்த்திருக்கிறது. காம்பிலும் இல்லை, இலையிலும் இல்லை, ஒரு முள் கிடையாது! கடையில் கிடைக்கும் நீளமான ஊதாக் கத்தரி.

மற்றவை ஏன் செத்தன என்பதுதான் பெரிய கதை. முளைத்த நாற்றெல்லாம் இரண்டு இலை விட்டதும் ஓரம் தீய்ந்து, நுனி பழுத்து நின்றன. பைகளுக்கு அடியிலிருந்து வடிந்த தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வெள்ளை ஓடுகளில் கறை பிடித்தது, இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் வந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தார். "இதில் மண்ணே இல்லையேம்மா. முழுக்கத் தென்னை நார்க்கழிவு, அதுவும் கழுவாதது." நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் தங்கியிருக்கும். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி உப்பை இறக்கிய பிறகுதான் செடிக்குப் போட வேண்டும். அலசாத நார்க்கழிவுக் கட்டி மலிவு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் கருவி அவரிடம் இருந்தது. அதைக் குழாய்த் தண்ணீரில் விட்டோம், பிறகு பையிலிருந்து வடிந்த தண்ணீரில் விட்டோம். குழாய்த் தண்ணீரைப் போல நான்கு மடங்கு காட்டியது. மண்ணும் மணலும் மட்கிய தொழு உரமும் சேர்ந்த கலவை என்று சொல்லி விற்றது இது. மண்புழு உரம் என்று தந்த மூட்டையைத் திறந்தால் சாண நாற்றம். மட்கி முடிந்த மண்புழு உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும்.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள். அடுத்த முறை, தண்ணீர் போதவில்லை. சொட்டுநீர்க் குழாய் உங்களுடையதுதானே, அதுதானே அளந்து விடுகிறது என்றால், வெயில் அதிகம். மழை வந்ததும், மழை அதிகம். டிடிஎஸ் அளவைப் படம் எடுத்து அனுப்பினேன், "உங்கள் போர் தண்ணீரில் உப்பு, மேடம்" என்று வந்தது. மூன்று மாதப் பராமரிப்புக்கென்று ஒரே ஒருமுறை வந்த ஆள், பைகளை எண்ணிவிட்டுப் போனார். அதற்கு மேல் ஒன்று சொன்னார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அத்தையே பேசுகிறேன் என்று தொலைபேசியை வாங்கிக் கேட்டபோது, "சிலருக்குக் கைராசி இருக்காது பாட்டி" என்றான் அந்தப் பையன். நாற்பது ஆண்டுகளாகச் செடி வளர்க்கிற மனுஷியிடம்!

இந்தத் தொழிலின் சூட்சுமமே இதுதான். மிக்சி ஓடவில்லை என்றால் மிக்சியில் கோளாறு. செடி செத்தால் வளர்த்தவர்மேல் பழி போட ஆயிரம் வழி இருக்கிறது: வெயில், மழை, பூச்சி, தண்ணீர், கைராசி. வளர்ப்பவர்களுக்கும் 'நாம்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ' என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

ரூ.14,800-ஐத் திருப்பிக் கேட்டதற்கு என்ன தந்தார்கள் தெரியுமா? அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதத் தள்ளுபடி! அதற்கு நான் எழுதிய பதிலைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை போலும்.

அத்தை உளுந்து டப்பாவில் எடுத்து வைத்திருந்த தண்டுக்கீரை விதையைப் பெயின்ட் வாளியில் தூவிவிட்டோம். அது பாட்டுக்கு வளர்ந்து இரண்டு தடவை கூட்டுக்கு ஆகிவிட்டது. அதே மாடி, அதே போர் தண்ணீர், அதே கை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில: முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள், என்ன பட்டம் என்று சொன்னாலும் சரி. ரசீதில் கலவையின் அளவுகளை எழுதி வாங்குங்கள். நார்க்கழிவை ஊறவைத்து வடியும் தண்ணீரைப் பாருங்கள். கறுத்து வந்தால் நிறம் போகும்வரை அலசுங்கள். விவரச்சீட்டு இல்லாத விதையைத் தொடாதீர்கள். கத்தரிக்கும் தக்காளிக்கும் குறைந்தது 70 சதவீதம் முளைப்புத்திறன் இருக்க வேண்டும். அது சீட்டில் அச்சாகியிருக்கும். சீட்டில்லாமல் விற்றால் உங்கள் பகுதி விதை ஆய்வாளரிடம் சொல்லலாம். தோட்டக்கலைத் துறையே மாடித்தோட்டத் தளை (தோட்டம் போடத் தேவையான பொருள்களின் தொகுப்பு) மானிய விலையில் தருகிறது, முதலில் அங்கே கேளுங்கள். ஏமாந்தவர்களுக்கு, நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கேதான் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அடுத்தது அதுதான்.

பாட்டியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்த பக்கம் எது என்று உங்களில் யாருக்காவது புரிந்தால், நீங்களும் பணம் கட்டியிருந்தால், அனுப்பிய விவரத்தையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒன்றாகப் புகார் கொடுக்கலாம்.