வீட்டுச் சர்வருக்கு எந்தத் தரவுத்தளம்: எஸ்கியூலைட்டா, போஸ்ட்கிரெஸா, மரியாடிபியா?

சொந்தச் சர்வரில் மென்பொருள் நிறுவும்போது தரவுத்தளத்தை வேக அளவீட்டு அட்டவணைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். ஐந்தாறு பேர் புழங்கும் சர்வருக்கு இம்மூன்றின் வேகமும் தாராளமாகப் போதும். ஆகவே பேக்கப் எடுப்பது, அதை மீட்பது, பதிப்பு மாற்றுவது ஆகிய மூன்று வேலைகளும் எதில் எப்படி அமைகின்றன என்பதைக் கொண்டே இங்கு ஒப்பிடுகிறேன்.

ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட்டுக்கெனத் தனியாக ஓடும் சர்வர் நிரல் கிடையாது. பயனர் கணக்கு, கடவுச்சொல், போர்ட் ஆகியவையும் தேவையில்லை. தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். கடவுச்சொற்களைக் காக்கும் வால்ட்வார்டனும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்டும் வேறொன்றைக் கேட்காதவரை இதையே பயன்படுத்துகின்றன. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பது இதன் எல்லை. ஆனால் 2010-இல் வந்த வால் (WAL: மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும்) முறையை இயக்கிவிட்டால், ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் தடையின்றிப் படிக்கலாம். எழுத வருபவர் சில விநாடி காத்திருக்கும்படியும் அமைத்துவிட்டால், தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்ற பிழைச்செய்தி பெரும்பாலும் மறைந்துவிடும். அதே வால் முறை, எல்லா நிரல்களும் ஒரே கணினியில் ஓடுவதை நம்பியே இயங்குவதால், வலையமைப்பு வழியாக இணைத்த சேமிப்பகத்தில் இந்தக் கோப்பை ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஒரே கோப்புதானே என்று, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மட்டும் நகலெடுத்து வைத்திருந்தேன். மீட்டுப் பார்த்தபோது கடைசி இரண்டு நாள் பதிவுகளைக் காணவில்லை. வால் முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்திலுள்ள தனிக் கோப்பில் சேர்ந்து, பிறகே முதன்மைக் கோப்புக்கு வருகின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. எஸ்கியூலைட்டே தரும் பேக்கப் கட்டளையையோ, 2019-இல் சேர்க்கப்பட்ட 'வேக்யூம் இன்டு' கட்டளையையோ பயன்படுத்தினால், எதையும் நிறுத்தாமலே முழுமையான படி கிடைக்கும்.

1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ், ஒவ்வொரு வரிசைக்கும் பல பதிப்புகளை வைத்துக்கொள்வதால், பலர் ஒரே நேரத்தில் எழுதுவதைத் தாங்கும். நெக்ஸ்ட்கிளவுட்டில் குடும்பத்தார் அனைவரின் கைபேசிகளும் கணினிகளும் ஒருசேரக் கோப்புகளை ஒத்திசைக்கும்போது இந்தத் திறன் தேவைப்படும். எஸ்கியூலைட் சோதனைக்கும் மிகச் சிறிய பயன்பாட்டுக்கும் மட்டுமே ஏற்றது என்று நெக்ஸ்ட்கிளவுட்டின் ஆவணங்களே சொல்கின்றன. புகைப்படங்களுக்கான இம்மிச், போஸ்ட்கிரெஸைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதனுடன் வரும் பிஜி_டம்ப் என்ற கருவி கொண்டு முரணற்ற பேக்கப் (டம்ப்) எடுக்கலாம்.

இதில் தொல்லை தருவது பதிப்பு மாற்றமே. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. ஆனால் ஒரு பெரிய பதிப்பின் தரவுக் கோப்புகளை அடுத்தது நேரடியாகத் திறக்காது. மென்பொருள்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் அமைப்பில், பதிப்பு எண் 16 என்பதை 17 என்று மாற்றியதும் கன்டெய்னர் எழ மறுப்பதைக் கண்டு தரவே போய்விட்டதென்று பதற வேண்டாம்: பழைய எண்ணுக்குத் திரும்பினால் எல்லாம் இருக்கும். பழைய பதிப்பில் முழு டம்ப் எடுத்து, புதிய பதிப்பை வெற்று இடத்தில் தொடங்கி, அதில் ஏற்ற வேண்டும். இதனால்தான் எல்லா மென்பொருளுக்கும் ஒரே போஸ்ட்கிரெஸ் என்ற ஏற்பாட்டை நான் கைவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்டெய்னர் வைத்திருக்கிறேன். சற்றுக் கூடுதலாக நினைவகம் செலவானாலும், ஒன்றின் பதிப்பு மாற்றம் மற்றொன்றை நிறுத்துவதில்லை.

2009-இல் மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கு இந்த வகையில் வேலை குறைவு: புதிய பதிப்பு பழைய தரவையே திறந்துகொள்ளும், பிறகு ஒரு மேம்பாட்டுக் கட்டளை போதும். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவருக்கு இந்தக் குடும்பமே இயல்பான தேர்வு. எழுத்துக்குறி அமைப்பு 'யுடிஎஃப்8எம்பி4' ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மூன்று பைட் அமைப்பிலும் தமிழ் எழுத்துகள் சரியாகவே அடங்குவதால், யாரேனும் ஒரு ஈமோஜி இடும்வரை குறை வெளியே தெரியாது.

நெக்ஸ்ட்கிளவுட்டை ஏற்கெனவே எஸ்கியூலைட்டில் தொடங்கிவிட்டவர்கள் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. பேக்கப் எடுத்து, பராமரிப்பு நிலைக்கு மாற்றிய பின், அதனுடனே வரும் தரவுத்தள மாற்றுக் கட்டளையால் போஸ்ட்கிரெஸுக்கோ மரியாடிபிக்கோ நகர்ந்துவிடலாம்.