குதிரையா, மாடா? 1880-களின் வக்கீலுக்கு ஒரு வண்டி

கும்பகோணத்தில் 1880-களில் நடக்கிற ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் வக்கீலுக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. தினமும் கோர்ட்டுக்குப் போய்வர, அவ்வப்போது கிராமத்தில் நிலத்தைப் பார்த்துவர, வீட்டுப் பெண்கள் சுவாமிமலை, திருநாகேஸ்வரம் என்று கிளம்பினால் அதற்கும் ஆக. பல்லக்கு, குதிரை வண்டி, மாடு பூட்டிய வில்வண்டி மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வில்வண்டியைத்தான் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சினிமாவில் வருவதுபோல வெள்ளைக் குதிரையும் சாரட்டும் எதிர்பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பல்லக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில், புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த காலத்தில் பல்லக்கு என்பது போக்குவரத்தைவிட அந்தஸ்து சம்பந்தப்பட்டது. பாலமில்லாத ஆறு, வரப்பு, மேடு எதுவானாலும் ஆள் கால் வைக்கிற இடமெல்லாம் அது போகும். ஆனால் தூரப் பயணத்துக்கு மாற்றி மாற்றித் தூக்க ஒரு டஜன் ஆள் வேண்டும். கோர்ட்டுக்குப் போக இத்தனை பேருக்குக் கூலி கொடுக்கிற வக்கீல், கட்சிக்காரரிடம் என்ன பீஸ் வாங்குவார்? சாலைகள் போடப்பட்ட பிறகு பல்லக்கு மடாதிபதிகளுக்கும் ஜமீன்களுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் என்று ஒதுங்கிப்போனது.

வேகத்தில் குதிரைதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. நல்ல சாலையில் மணிக்கு ஏழெட்டு மைல் போகும். சாதாரண வண்டி மாடு இரண்டு மூன்று மைல். ஓட்டத்துக்கென்று பழக்கிய ஜோடி என்றால் ஐந்தாறு மைல். ஆனால் தஞ்சைப் பக்கம் அந்த வேகத்துக்குப் பெரிய வேலை இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிவரை 1862-லேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன்பின் தூரத்தை ரயில் பார்த்துக்கொண்டது. வண்டிக்கு மிஞ்சியது ரயிலடிக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் வயலுக்கும் இடையிலான நாலைந்து மைல்தான்.

என்னை மாட்டின் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. வண்டி சும்மா நிற்கிற நாளில் என்ன செலவு என்று பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

மாடு அசைபோடும் பிராணி. வக்கீலின் நிலத்தில் அறுவடை முடிந்தால் வைக்கோல் போர் கொல்லையிலேயே நிற்கும். அதில் நாலு பிடி உருவிப் போட்டு, கழுநீரில் கொஞ்சம் தவிடும் பிண்ணாக்கும் கலந்து வைத்தால் வேலை முடிந்தது. நுகத்தை அவிழ்த்துவிட்டால் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். சாணம் வாசல் தெளிக்க, வறட்டி தட்ட, எருக்குழிக்கு. அதாவது தீனிக்குக் கொடுத்ததில் ஒரு பங்கு வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது.

குதிரைக்கு நெல் வைக்கோலை மட்டும் போட்டுக் காலம் தள்ள முடியாது. கொள்ளு வேண்டும், அதையும் வேகவைத்து ஆறவைத்து வைப்பதுதான் சென்னை ராஜதானி வழக்கம். அப்புறம் புல். அருகம்புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, மண் போக அலசி, கட்டாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும். மண்ணோடு தின்றால் வயிற்றில் மணல் சேர்ந்து வலி வந்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரன், புல்லுக்கு இன்னொரு ஆள். பெரும்பாலும் குதிரைக்காரன் மனைவியே புல்லுக்குப் போவாள். ஒரு மிருகத்துக்கு இரண்டு சம்பளம்! வேகவைத்த கொள்ளு குதிரை வாய்க்குத்தான் போகிறதா என்ற சந்தேகத்தில், துரைசானிகள் பலர் வராந்தாவில் உட்கார்ந்து தங்கள் கண்ணெதிரே தீனி வைக்கச் சொன்னார்கள்.

வேலை இல்லாத நாளிலும் குதிரையை நடத்திக் கூட்டிப் போக வேண்டும், தேய்த்துவிட வேண்டும். ஓடி வியர்த்து வந்த குதிரையை அப்படியே கட்டிப் போடவும் கூடாது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டாலும் குதிரைக்குச் செலவு ஓயாது.

லாடச் செலவு இரண்டுக்கும் உண்டு. குதிரைக்கு நின்ற நிலையிலேயே கால் தூக்கி நாலு லாடம் அடிப்பார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு அடிக்க வேண்டும். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டாக எட்டு வரும். இதில் குதிரைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். நோயில் மாட்டுக்கும் பெரிய பலவீனம் உண்டு. வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோய் அந்தக் காலத்தில் ஊருக்குள் வந்தால் கொட்டகையே காலியாகிவிடும். அந்த வருஷத்தில் என் வக்கீலும் நடந்துதான் போயிருப்பார்.

விற்கும்போது கதை இன்னும் தெளிவு. வில்வண்டியில் ஓட முடியாத வயது வந்தால் மாட்டைப் பார வண்டிக்கோ ஏருக்கோ கேட்டு வாங்க ஆள் இருந்தது. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், கடைசியில் ஏதோ ஒரு விலை படிந்துவிடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரையும் மாடும் சேர்ந்தே விலைக்கு வரும். ஆனால் காவிரிக் கரையில் வயசான குதிரையை யார் தலையில் கட்டுவது? கால் நொண்டினால் அதற்கு அப்புறம் வாடகைக்கு ஓடும் ஜட்கா வண்டியைத் தவிர வேறு கதி இல்லை, சில சமயம் அதுவும் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: காங்கேயம் ஜோடியைக் கொம்பு சீவி, சலங்கை கட்டி அழகு பார்க்கிற மிராசுதார் அதை ஏரில் பூட்ட மாட்டார். அவர் கணக்கு வேறு.

இதே வக்கீல் மதராஸில் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். அங்கே மவுண்ட் ரோடு இருந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726-லேயே பாலம் கட்டிக் கொடுத்திருந்தார். கோச் வண்டி செய்து தர 1840-லிருந்து சிம்ப்சன் கம்பெனி இருந்தது. பர்மாவிலிருந்து பெகு மட்டக்குதிரைகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து பெரிய குதிரைகளும் கப்பலில் வந்து இறங்கின. வீட்டில் வைக்கோல் போர் கிடையாது, எல்லாத் தீனியும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் மாட்டுக்கு இருக்கிற அனுகூலம் பாதி போய்விடுகிறது. அங்கே நேரத்துக்கும் விலை அதிகம்.

வாடகை ஜட்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ரயிலடியிலிருந்து சில தடவை ஏறியதுதான் என் அனுபவம், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியல்ல. தரையில் புல்லைப் பரப்பி மேலே பாய். காலை மடக்கி உட்கார வேண்டும். கூண்டு தலையில் இடிக்கும். இரண்டே சக்கரம் என்பதால் பாரம் பின்னால் போனால் ஏர்க்கால் மேலே தூக்கும், முன்னால் வந்தால் குதிரை முதுகை அழுத்தும். "பெரியவரே, கொஞ்சம் முன்னாடி வாங்க. அம்மா, நீங்க பின்னாடி தள்ளிக்குங்க" என்று ஜட்காக்காரர் எல்லோரையும் இடம் மாற்றிவிட்டுத்தான் சவுக்கை எடுப்பார். குலுங்கும், ஆனால் சீக்கிரம் கொண்டுபோய் விடும். தீனி, லாடம், குதிரைக்காரன் சம்பளம் எல்லாம் வேறொருவர் பாடு.

அதனால் கதையில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வில்வண்டி வக்கீலுக்குச் சொந்தம். ஹைகோர்ட் அப்பீல் விஷயமாக மதராஸ் போய்விட்டு ராத்திரி ரயிலில் திரும்பும்போது மட்டும், மாட்டை எழுப்பாமல், ரயிலடியில் நிற்கிற ஜட்காவில் ஏறி வந்துவிடுவார்.