எங்க ஊரு கவர்மென்ட் ஸ்கூல், ஒரு அம்மாவோட அனுபவம்

எம்பொண்ணு இங்க மூணாவது படிக்குறா, உங்க பிள்ளைங்களையும் தைரியமா சேக்கலாம்னுதான் சொல்லுவேன். 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் முறையில, ஒரே கிளாஸ்லயே அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்க எந்த அளவுக்கு படிக்குதுங்களோ அதுக்கேத்த மாதிரி பிரிச்சு சொல்லித்தர்றாங்க, இவ அரும்புல இருந்தப்ப ‘ழ’வையும் ‘ள’வையும் போட்டு குழப்பிக்குவா, டீச்சர் திட்டாம எழுத்து அட்டைய வச்சே சரி பண்ணாங்க, இப்ப பஸ் போர்டெல்லாம் அவளே எழுத்துக்கூட்டி படிக்குறா, கேக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சப்புறம் சொல்லித்தர்ற இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் அக்கா வந்தப்பவும் பாட்டு, கதைன்னு நல்லா போச்சு. ஒரே குறை, அடுத்த வாரம் என்ன பாடம்னு எங்களுக்கு முன்னாடியே சொல்றதில்ல. நோட்டுல ரெண்டு வரி எழுதி விட்டா போதும், வேலைக்குப் போற நாங்களும் ராத்திரி பத்து நிமிஷம் கூட உக்காந்து படிக்க வைப்போம்.