ஜப்பான் ரீகண்டிஷன் ஸ்க்ரோல் சோ வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

கொழும்பில் ஸ்க்ரோல் சோ தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் இப்போதுதான் இந்த வேலையைப் பழகப் போகிறவர்கள், காசு கொடுக்க முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். விஷயம் இதுதான்: 100 வோல்ட்டுக்குச் செய்த ஜப்பான் மெஷினை, வோல்ட் எழுதிய தகட்டின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி, 230 வோல்ட் என்று எனக்கு விற்றார்கள். கடையில் ஓட்டிக் காட்டும்போது நன்றாக ஓடியது. வீட்டில் குத்தியதும் எரிந்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையில் நடந்தாலும் பிடித்துவிடலாம்.

ஸ்க்ரோல் சோ பற்றித் தெரியாதவர்களுக்கு: சின்ன மேசை, அதன் நடுவில் மெல்லிய பிளேட் ஒன்று மேலும் கீழுமாக ஓடும். மரத்தைத்தான் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் வெட்ட வேண்டுமென்றால் மரத்தில் ஒரு ஓட்டை போட்டு, பிளேட்டைக் கழற்றி அதற்குள்ளால் விட்டு, மறுபடி மாட்டி வெட்டலாம். பழைய கொழும்பு வீடுகளில் கதவுக்கு மேலே காற்றுப் போவதற்கு வைத்த பூவேலைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி வேலைக்கு இதுதான் சாமான். சத்தம் குறைவு, இடமும் அதிகம் வேண்டாம். வெள்ளவத்தை பிளாட் ஒன்றின் பல்கனியில் வைத்து, மேல்மாடிக்காரர் சண்டைக்கு வராமல் செய்யக்கூடிய மரவேலை வேறு எனக்குத் தெரியவில்லை.

புதிய மெஷின் இங்கே விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருப்பதுமில்லை. பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேட்டால் பாதிப் பேர் கையில் பிடித்து வெட்டும் ஜிக் சோவைத் தூக்கி மேசையில் வைக்கிறார்கள். அதனால்தான் ஆட்கள் ரீகண்டிஷன் பக்கம் போகிறார்கள். ரீகண்டிஷன் என்பதில் பிழையில்லை. நல்ல ஜப்பான் பழசு, மலிவான புதுசை விட நன்றாக வெட்டும்.

நான் வாங்கிய கடை முதலாளி நல்ல மரியாதையான ஆள். பிளேன்டீ எல்லாம் சொல்லி எடுத்துத் தந்தார்.

“தம்பி, இது ஜப்பான்ல ஸ்கூல் பிள்ளைகள் பாவிச்ச சாமான். சைனா சாமானோட சேர்க்க வேணாம்.”

அது கதைக்காகச் சொன்னது என்று நினைத்தேன். ஆனால் ஜப்பானில் ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் கைவேலைப் பாடத்தில் மின்சார ஸ்க்ரோல் சோ பாவிப்பது உண்மைதான்.

“எத்தனை வோல்ட் அண்ணன்?”

“நம்ம கரண்ட்தான். எல்லாம் மாத்தியாச்சு. புது பிளக்கும் போட்டிருக்கு, பாருங்க. கொண்டுபோய் குத்தினா சரி.”

மெஷினின் பின்பக்கத்தில் வெள்ளி நிற ஸ்டிக்கர்: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வயரின் நுனியில் பளபளவென்று 13 அம்பியர் சதுரப் பிளக். பையன் ஒருவன் மூன்று மில்லிமீற்றர் ப்ளைவுட் துண்டொன்றை எடுத்து வளைத்து வளைத்து வெட்டிக் காட்டினான். தையல் மெஷின் மாதிரி மெதுவாக ஓடியது. மேசைக்குக் கீழே இருந்த எக்ஸ்டென்ஷன் கோடில்தான் குத்தியிருந்தான். அந்தக் கோட் சுவருக்குப் போகவில்லை, மேசைக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டி ஒன்றுக்குப் போயிருக்கிறது. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர். அந்தப் பக்கத்துக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இது பிறகு தெரிய வந்த கதை.

விலை 42,000 ரூபா. பிளேட் பக்கெட் ஒன்று இலவசம் என்றார்கள். பில்லில் கையால் எழுதிய ஒரே வரி: “சோ மெஷின் 1, பாவித்தது.” மொடல் இல்லை, வோல்ட் இல்லை. ஏழு நாள் செக்கிங் வாரண்டி என்று சீல் மட்டும் குத்தினார்கள்.

வீட்டில் சுவிட்சைப் போட்டதும் கேட்டது கடையில் கேட்ட சத்தமே இல்லை. அடித்தொண்டை உறுமல். மேசையில் வைத்திருந்த பென்சில் உருண்டு விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வார்னிஷ் கருகும் மணம் வந்து, காற்றோட்டத் துளைகளால் புகை கிளம்பியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. பலர் அதை நம்பித்தான் இருக்கிறார்கள், ஆனால் அது கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால்தான் விழும். மோட்டருக்குத் தாங்காத வோல்ட் போகிறது என்பது அதற்குத் தெரியாது. பிளக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே 13 அம்பியர் பியூஸ். 90 வொட் மெஷினுக்கு அரை அம்பியர்கூட வேண்டாம், 3 அம்பியர் பியூஸ் தாராளம். பிளக்கின் எர்த் ஊசிக்கு வயரே கொடுக்கவில்லை, ஏனென்றால் மெஷினிலிருந்து வருவதே இரண்டு வயர்தான்.

அப்புறம் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினேன். கீழே பழைய தகடு, ஜப்பான் எழுத்து, அதற்கு நடுவில் தெளிவாக 100 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ். ஸ்டிக்கரை அந்தத் தகட்டின் அளவுக்கே, இம்மி பிசகாமல் வெட்டி ஒட்டியிருந்தார்கள். கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை.

மோட்டரை வைண்டிங் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த ஐயா கழற்றிப் பார்த்துவிட்டு சுருளைக் காட்டினார்: செம்பு நிறம் போய், ஒரு பக்கம் முழுக்கக் கரி. இரண்டு மடங்குக்கும் மேலான வோல்ட் கொடுத்தால் இந்த வகை மோட்டரின் இரும்பு அவ்வளவு காந்தத்தைத் தாங்காது, வயரில் கரண்ட் கட்டுக்கடங்காமல் கூடும், வயரின் மேல்பூச்சு உருகிவிடும். “தம்பி, ரைஸ் குக்கர், மிக்சர், தையல் மெஷின், எல்லாம் இப்பிடித்தான் வருது” என்றார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

இத்தனைக்கும் நேர்மையாக விற்பது கஷ்டமில்லை. ஜப்பான் முழுக்க 100 வோல்ட்தான். கிழக்குப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60. தகட்டில் 50/60 என்று இருந்தால் நம் 50 ஹேர்ட்ஸிலும் ஓடும். 230ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றைச் சேர்த்தால் முடிந்தது. 90 வொட் மெஷினுக்கு 300 வொட் அளவில் ஒன்று எடுத்தால் ஸ்டார்ட் ஆகும் நேரத்து இழுப்பையும் தாங்கும். புறக்கோட்டையில் கிடைக்காத சாமானா அது? ஆனால் ட்ரான்ஸ்போமர் வேண்டும் என்று சொன்னால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அந்தக் கொஞ்சக் காசுக்காகத்தான் இவ்வளவும்.

கடைக்குத் திரும்பப் போனபோது மரியாதை எல்லாம் போய்விட்டது.

“உங்க வீட்டு கரண்ட்ல பிழை. நாங்க ஓட்டிக் காட்டித்தானே தந்தம்?”

உரித்த ஸ்டிக்கரைக் காட்டினேன். “அது இம்போர்ட் பண்ணினவன் ஒட்டினது.” வாரண்டி? “மோட்டர் எரிஞ்சா வாரண்டி இல்ல தம்பி. செக்கிங் வாரண்டின்னா சுவிட்ச், வயர் அவ்வளவுதான்.” அப்படியென்றால் செக் பண்ண என்ன மிச்சம் என்று கேட்டேன். அடுத்த கஸ்டமரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மோட்டரை 230 வோல்ட்டுக்கே ரீவைண்ட் பண்ணி, கப்பாசிட்டரும் மாற்றி எடுத்தேன். மெஷின் விலையில் கால்வாசிக்கு மேல் போனது. சரி, இனியாவது வெட்டலாம் என்று பார்த்தால் அடுத்த குறை.

ஸ்க்ரோல் சோ பிளேட் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஊசி இருக்கும், அது கொக்கியில் மாட்டும். மற்றதில் ஒன்றும் இராது, வெறும் முனையைக் கிளாம்பில் வைத்து இறுக்க வேண்டும். ஊசி வைத்த பிளேட்டை மரத்துக்குள் விட ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும். வெறும் முனை பிளேட்டில் மெல்லியது என்றால் ஒரு மில்லிமீற்றர் ஓட்டை போதும். பூவேலை, எழுத்து, நுணுக்கமான உள்வெட்டு எல்லாம் இரண்டாவது வகையில்தான் வரும். என் மெஷினில் அசல் கிளாம்ப் கழன்று போயிருந்தது. அந்த இடத்தில் யாரோ ஆணியை வளைத்து வெல்ட் பண்ணிக் கொக்கி செய்திருந்தார்கள். கடைப் பையன் ஓட்டிக் காட்டியது ஊசி பிளேட்டில். இலவசமாகத் தந்த பக்கெட்டில் இருந்தவை முழுக்க வெறும் முனை. ஒன்றுகூடப் பொருந்தாது. “எல்லா பிளேட்டும் போகும்” என்று சொன்ன அதே வாய்.

பிளேட்டின் மேல்முனையைப் பிடிக்கும் மேல் கை அசையும் இடத்தில் உள்ள வளையமான புஷ்ஷும் தேய்ந்திருந்தது. ஓடும்போது பிளேட் பக்கவாட்டில் ஆடும். மெல்லிய ப்ளைவுட்டில் அந்த ஆட்டம் தெரியாது. பலா மாதிரிக் கடின மரத்தில் ஒரு அங்குலக் கனத்துண்டை வைத்தால் வெட்டின் மேல்பக்கம் ஒரு கோட்டிலும் கீழ்பக்கம் வேறு கோட்டிலும் போகும். பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்ய வேண்டியது. பிளக்கை நீங்களே கையில் எடுத்து, சுவரில் இருக்கும் சொக்கெட்டில் குத்துங்கள். “இங்க குத்துங்க” என்று வேறு கோட் நீட்டினால் அந்தக் கோட் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். தகடு ஸ்டிக்கராக இருந்தால் மூலையைக் கிளப்பக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். சுவரில் குத்தி ஐந்து நிமிடமாவது ஓட விட்டு மோட்டரில் கை வையுங்கள். சூடாகலாம், ஆனால் கை வைக்க முடியாத சூடும் வார்னிஷ் மணமும் வரக்கூடாது.

பிளேட்டை உங்கள் முன்னாலேயே கழற்றி மாட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்களும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இதற்கு வெறும் முனை பிளேட் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம், செட்டியார் தெருப் பக்கம் நகைத் தொழிலுக்குச் சாமான் விற்கும் கடைகளில் தங்கம் அறுக்கும் மெல்லிய பிளேட் டசின் கணக்கில் விற்பார்கள். நீளம் 130 மில்லிமீற்றர், ஸ்க்ரோல் சோவின் ஐந்து அங்குலத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. உலோகத்துக்குச் செய்த பொடிப் பல் என்பதால் மரத்தை மெதுவாகத்தான் வெட்டும். ஆனால் கிளாம்ப் பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும். மாட்டி இறுக்கிய பிறகு விரலால் சுண்டுங்கள். கணீரென்று உயர்ந்த ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் ஒன்று இறுக்கம் போதாது, இல்லாவிட்டால் கிளாம்ப் நழுவுகிறது. பல் கீழே பார்த்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். எனக்கு ஓட்டிக் காட்டியவன் முதலில் தலைகீழாகத்தான் மாட்டினான், துண்டு மேசையை விட்டுத் துள்ளியது.

மேசை பிளேட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அங்குலக் கனமுள்ள கட்டை ஒன்றில் பிளேட்டின் முன்பக்கத்தால் லேசாக ஒரு கீறல் வெட்டுங்கள். மெஷினை நிறுத்தி, கட்டையைப் பிளேட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய் அதே கீறலைப் பிளேட்டின் முதுகில் பொருத்துங்கள். தடையில்லாமல் உட்கார்ந்தால் சரி. மேலே பொருந்திக் கீழே விலகினால் மேசை சாய்ந்திருக்கிறது. அதை நட்டைத் தளர்த்தித் திருத்தலாம். புஷ் ஆட்டம் வேறு: கரண்டை நிறுத்திவிட்டு மேல் கையைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் தெரிந்துவிடும்.

பில்லில் மொடல், வோல்ட், “230 வோல்ட்டில் ஓடும்” என்ற வாசகம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் காரணம் இருக்கிறது.

முறைப்பாடு பற்றி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் போனில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத சாமான் பற்றிய முறைப்பாட்டை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். நான் பில்லின் பிரதி, உரித்த ஸ்டிக்கரின் படம், கீழே இருந்த தகட்டின் படம், வைண்டிங் கடை ஐயா எழுதித் தந்த துண்டு எல்லாவற்றையும் சேர்த்தேன். அதன் பிரதியைக் கடைக்கும் அனுப்பினேன். இரண்டு மூன்று நாளில் முதலாளியே போன் எடுத்தார், பழைய மரியாதை திரும்பி வந்திருந்தது. வேறு மெஷின் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். பேசிப் பேசி மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு 30,000 ரூபா தந்தார். மீதி 12,000மும் ரீவைண்ட் பண்ணிய காசும் இன்னும் வரவில்லை, முறைப்பாட்டை நான் வாபஸ் வாங்கவுமில்லை.

நான் திருப்பிக் கொடுத்த மெஷின் இப்போது உண்மையாகவே 230 வோல்ட்டில் ஓடும், வைண்டிங் செலவு என்னுடையது. கொக்கியும் புஷ்ஷும் அப்படியேதான் இருக்கின்றன. சாம்பல் நிறம், மேசையின் வலது மூலையில் பெயின்ட் உரிந்த அடையாளம். யாராவது 45,000க்கு நீட்டினால் மேல் கையை முதலில் ஆட்டிப் பாருங்கள்.