செய்மதியில் காட்டுத்தீப் புகை: சில கோடைகளாகப் பார்த்துவரும் ஒருவரின் அனுபவம்

2023 கோடைக்குப் பிறகு, மே மாதம் பிறந்தாலே என் கணினியில் மூன்று நான்கு இணையப் பக்கங்கள் மூடப்படாமல் கிடக்கும். அந்த ஆண்டு கனடாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் காடு எரிந்தது. ரொறன்ரோவில் இருக்கும் எங்களுக்குத் தீ தூரம்தான், புகை தூரமில்லை. வீட்டில் அம்மாவுக்கு ஆஸ்துமா. நாளைக்கு யன்னலைத் திறக்கலாமா என்ற கேள்வியோடு தொடங்கிய பழக்கம், இப்போது அல்பேர்ட்டாவிலிருந்து அத்திலாந்திக் வரை புகை போகும் வழியைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஆறவிடும் அளவுக்கு வந்துவிட்டது.

அதிகம் பயன்படுத்துவது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சீரா நிலையம் நடத்தும் ஸ்லைடர் பக்கத்தை. அமெரிக்க வானிலைச் செய்மதியான கோஸ் கிழக்கு, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி 10 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக்கோளம் முழுவதையும் படமெடுக்கிறது. அமெரிக்க நிலப்பரப்பும் அதையொட்டிய பகுதிகளும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிடைக்கின்றன. 2025 ஏப்ரலில் அந்தப் பணியிலிருந்து கோஸ் 16 என்ற செய்மதி விலகி, கோஸ் 19 அந்த இடத்துக்கு வந்தது. பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதில் ஜியோகலர் என்ற படவகையைத் தெரிவுசெய்து ஓடவிட்டால், மேகம் வெள்ளையாகவும் புகை சாம்பல் கலந்த பழுப்பாகவும் நகர்வது தெரியும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மதியத்தில் பார்த்துவிட்டுப் புகையே இல்லை என்று மூடிவிடுகிறார்கள். மெல்லிய புகை மதியத்தில் மறைந்துவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது, அதாவது விடிந்து சற்று நேரத்திலும் மாலையிலும், துகள்கள் ஒளியைச் செய்மதியின் பக்கம் அதிகமாகச் சிதறடிக்கின்றன. காலை ஏழு மணிப் படத்தில் ஹியூரன் ஏரிக்கு மேல் பட்டையாகத் தெரிந்த புகை, பன்னிரண்டு மணிப் படத்தில் காணாமல் போய், மாலை மீண்டும் வந்து நிற்கும். அது எங்கும் போய்வரவில்லை, வெளிச்சத்தின் கோணம்தான் மாறியது. ஆகவே நான் அந்த இரு வேளைகளையும் மட்டுமே நம்புகிறேன்.

மேகமா புகையா என்று சந்தேகம் வந்தால் அதே பக்கத்தில் அகச்சிவப்பு அலைவரிசைக்கு மாற்றுவேன். மேகம் அதிலும் தெரியும். புகைத் துகள்கள் மிகச் சிறியவை என்பதால் நீண்ட அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றை ஊடுருவிவிடும், படலம் மாயமாகிவிடும். நிறத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதே காரணத்தால் இரவில் ஸ்லைடர் புகை விடயத்தில் குருடு. பொழுது சாய்ந்ததும் ஜியோகலர் அகச்சிவப்புக்கு மாறுகிறது; நகர விளக்குகள்கூட முன்பே வரைந்து வைத்த படம்தான். இரவு முழுக்கப் புகை எங்கே போனது என்பது விடிந்தால்தான் தெரியும்.

வடக்கே போகப் போகவும் சிக்கல். நிலநடுக்கோட்டுக்கு மேலிருந்து பார்க்கும் கோஸின் கண்ணுக்கு வடமேற்குப் பிரதேசங்கள் விளிம்பில் சாய்ந்து தெரிகின்றன. அங்கே எரியும்போது நாசாவின் செய்மதிப் படப் பக்கமான வேர்ல்ட்வியூவுக்குப் போவேன். துருவப் பாதையில் சுற்றும் டெர்ரா, அக்குவா, சுவோமி, நோவா 20, நோவா 21 ஆகியவற்றின் படங்கள் அங்கே கிடைக்கும். அசைவு தெரியாது, பழைய திகதிகளைப் புரட்டலாம். 2023 ஜூன் முதல் வாரத்தை நேரம் கிடைத்தால் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பாருங்கள். கனடாவின் கிழக்குக் கரைக்கு மேல் ஒரு தாழமுக்கம் நகராமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் மேற்குப் பக்கக் காற்று கியூபெக் காடுகளின் புகையை அள்ளித் தெற்கே இறக்குகிறது. ஜூன் 7 அன்று நியூயோர்க்கின் வானம் செம்மஞ்சளானது, அமெரிக்க வளித்தரச் சுட்டெண் மிக ஆபத்தான 400ஐத் தாண்டியது. அதே மாதக் கடைசியில் புகை அத்திலாந்திக்கைக் கடந்து போர்த்துக்கல்லையும் ஸ்பெயினையும் எட்டியது.

இந்தப் படங்களில் ஒரு பெரிய குறை உண்டு. செய்மதி மேலிருந்து பார்ப்பதால் தரையிலிருந்து வானம் வரையுள்ள புகை முழுவதையும் ஒரே படலமாகக் காட்டுகிறது. அதில் எவ்வளவு நம் மூக்கின் உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ரொறன்ரோவுக்கு மேல் பழுப்பு அப்பிக் கிடக்கும், சூரியன் செக்கச் சிவந்து மறையும், ஆனால் வேறோர் அளவுகோலான கனடாவின் வளித்தர உடல்நலச் சுட்டெண், குறைந்த ஆபத்தைக் குறிக்கும் 3இல் நிற்கும். புகை நாலைந்து கிலோமீற்றர் உயரத்தில் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். மறுபுறம், மேகமூட்டமான நாளில் படம் வெறும் வெள்ளை, வாசலுக்கு வந்தால் தொண்டை கரிக்கும். உயரத்தை லேசர் கொண்டு அளந்த கலிப்சோ செய்மதி 2006 முதல் இயங்கி 2023இல் ஓய்ந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. இரண்டுமே தாம் கடக்கும் பாதைக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே அளக்கக்கூடியவை. அம்மாவின் இருமலுக்கு அது உதவாது.

அதற்கு உதவுவது எச்.ஆர்.ஆர்.ஆர். ஸ்மோக் என்ற அமெரிக்க முன்னறிவிப்பு மாதிரி. செய்மதிகள் அளக்கும் தீயின் வெப்பத்திலிருந்து புகையின் அளவைக் கணித்து, 3 கிலோமீற்றர் கட்டங்களில், 48 மணி நேரம் வரை முன்கூட்டிச் சொல்கிறது. அதில் தரையை ஒட்டிய புகை ஒரு வரைபடம், வளிமண்டலம் முழுவதற்குமான புகை இன்னொரு வரைபடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நான் கண்ட உருப்படியான வழி. இரண்டாவது கறுத்து முதலாவது வெளிறி இருந்தால் அந்திச் சூரியனைப் படமெடுக்கக் கிளம்பலாம். முதலாவதும் கறுத்தால் காற்றுச் சுத்திகரிப்பியின் வடிகட்டியை மாற்றிவிடுவேன். தீ ஒரே நாளில் எகிறிவிட்டால் மாதிரி பின்தங்கிவிடும், நாளைக்கும் இன்றைய அளவில் எரியும் என்பது போலத்தான் அது கணக்குப் போடுகிறது. தரையில் உண்மையில் என்ன நிலை என்பதை அறிய, அளவிகளின் எண்களைக் காட்டும் ஏர்நவ் புகை வரைபடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புகைப் படலங்களின் எல்லையும் அதிலேயே இருக்கிறது. படத்தைப் பார்த்து அவற்றை வரைபவர்கள் மனித ஆய்வாளர்கள், கணினி அல்ல.

நாசாவின் ஃபேர்ம்ஸ் பற்றி ஒரு முறைப்பாடு, அதுவும் அதன்மீது அல்ல, அதைப் பகிர்பவர்கள்மீது. தீப் புள்ளிகளைச் சிவப்பாகக் காட்டும் இந்த வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது பெரும்பாலும் 375 மீற்றர் அகலமான ஒரு கட்டத்தின் மையம். கட்டம் முழுவதும் எரிகிறது என்று பொருளில்லை. நாடு முழுவதையும் ஒரே திரையில் பார்த்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மாகாணமே எரிவது போலத் தோன்றும். 2025இல் மனிற்றோபாவும் சஸ்காச்சுவானும் எரிந்தபோது அப்படியொரு படம் வாட்ஸப்பில் சுற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா பதறிப்போய், "பிள்ளை, நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். வட டக்கோட்டாவின் எண்ணெய் வயல்களில் எரியவிடும் வாயுகூட அதில் புள்ளியாக விழும், கோடையோ பனிக்காலமோ என்ற வேறுபாடில்லை. ஒரே இடத்தில் மாதக்கணக்காக அசையாமல் நிற்கும் புள்ளி காட்டுத்தீயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கைத்தொலைபேசியில் இவை எதையும் பரிந்துரைக்க மாட்டேன், ஸ்லைடர் அதில் ஊர்கிறது. வேர்ல்ட்வியூவில் நீங்கள் தெரிவுசெய்த திகதி, இடம், படவகை எல்லாம் மேலே உள்ள முகவரியிலேயே பதிவாகிவிடும். யாருக்காவது காட்ட வேண்டுமானால் திரையைப் படம்பிடித்து அனுப்பாமல் அந்த முகவரியை அனுப்புங்கள். பெறுபவர் தாமே பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்.