டி.எஸ்.எல்.ஆருக்கு மேக்ரோ லென்ஸ்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கேனான், நிகான், டாம்ரான், சிக்மா, டோகினா எதுவானாலும், பெயர் வாங்கிய மேக்ரோ பிரைம் லென்ஸ்களில் (சிறு பொருளை மிக நெருங்கி எடுக்க உதவும், ஜூம் இல்லாத லென்ஸ்கள்) மங்கலான ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். எஃப்/8-இல் (லென்ஸின் ஒளித் துளையான அப்பர்ச்சரின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த லென்ஸ் என்று சொல்லவே முடியாது. ஆகவே கூர்மையை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 1:1 அளவில், அதாவது சென்சாரில் விழும் உருவம் பொருளின் நிஜ அளவிலேயே இருக்கும்படி எடுக்கும்போது, லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சுகிறது?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் இதைச் சொல்லாது. அது கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளந்த தூரம். கேனான் இஎஃப்-எஸ் 60 மி.மீ. லென்ஸில் 20 செ.மீ. என்றிருக்கும், பாடியின் ஆழமும் லென்ஸின் நீளமும் கழிந்தால் கையில் நிற்பது சுமார் 9 செ.மீ. கேனான் 35 மி.மீ. மேக்ரோவில் வெறும் 3 செ.மீ. அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும் என்பதால்தான் அதன் முகப்பிலேயே எல்.இ.டி. விளக்கு வைத்திருக்கிறார்கள். நிகான் டிஎக்ஸ் 40 மி.மீ.யும் ஏறக்குறைய இதே ரகம். மேசையில் நகை, தபால் தலை, சாப்பாட்டுத் தட்டு எடுக்க இவை போதும், விலையும் குறைவு. தும்பிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சரிவராது. நீங்கள் குனிவதற்குள் அது பறந்திருக்கும்.

100 மி.மீ. வட்டாரத்தில் 13 முதல் 15 செ.மீ. கிடைக்கும். சிக்மா 150-இல் சுமார் 19, கேனான் 180-இல் சுமார் 24. ஆனால் இந்த இரண்டும் ஒரு கிலோ அளவில் இருக்கும். கையில் பிடித்து வயலில் அலைய முடியாது. கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) கேமரா வைத்துக்கொண்டு பூச்சி எடுக்க நினைப்பவருக்கு 90 முதல் 105 மி.மீ. தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

1:1 என்றால் என்ன என்பதற்கு ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மி.மீ. கேனானின் கிராப் சென்சார் 22.3 × 14.9 மி.மீ. ஆகவே உண்மையான 1:1 லென்ஸில் முழு நாணயம் சட்டத்துக்குள் அடங்கவே அடங்காது. 70-300 போன்ற ஜூம்களின் மேல் 'மேக்ரோ' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குபவர்கள் நிறைய. டாம்ரானின் 70-300 அதிகபட்சம் 1:2 வரைதான் போகும். வண்ணத்துப்பூச்சிக்கு அது தாராளம், எறும்பின் முகத்துக்குப் போதாது.

கேனான்காரர்களுக்கு முடிவு சுலபம். 2000-இல் வந்த இஎஃப் 100 மி.மீ. எஃப்/2.8 யுஎஸ்எம், 2009-இல் வந்த அதன் எல் வகை (கேனானின் உயர்தர வரிசை), இரண்டும் ஃபோகஸ் செய்யும்போது நீளாது. எல் வகையில் அதிகமாக இருப்பது ஸ்டெபிலைசர், அதாவது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் அமைப்பு. சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் நேரத்தை இரட்டிக்கலாம்) என்று கேனான் சொல்கிறது. 1:1-இல் அதுவே 2 ஸ்டாப் ஆகிவிடும். ஃபிளாஷ் போட்டு எடுப்பவருக்கு அந்த 2 ஸ்டாப்பும் தேவைப்படாது, அசைவை ஃபிளாஷே நிறுத்திவிடும். போர்ட்ரெய்ட்டுக்கும் கல்யாண வேலைக்கும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் எல் நல்ல லென்ஸ். பூச்சிக்கு மட்டும் என்றால் பழைய யுஎஸ்எம்மை செகண்ட் ஹேண்டில் எடுத்து, மிச்சப் பணத்தை வெளிச்சத்தில் போடுங்கள்.

நிகானில் ஒரு பொறி உண்டு. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி வகை மைக்ரோ நிக்கோர் (நிகானின் பழைய மேக்ரோ லென்ஸ்கள்), டோகினா 100, டாம்ரான் 90-இன் முதல் பதிப்பு இவற்றுக்குள்ளும் மோட்டார் இல்லை. மாட்டலாம், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டாம்ரான் 90-இல் மோட்டார் உள்ளதும் இல்லாததும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும். மவுண்டைத் திருப்பிப் பாருங்கள். பாடியின் திருகு முனை நுழைகிற சின்னப் பள்ளம் இருந்தால் அது மோட்டார் இல்லாதது. 2006-இல் வந்த, ஸ்டெபிலைசர் உள்ள நிகான் 105 மி.மீ. விஆரில் இந்தச் சிக்கல் இல்லை. ஒன்று மட்டும்: 1:1-க்கு நெருங்கும்போது எஃப்/2.8 என்று இருந்தது தானாக எஃப்/4.8 என்று காட்டும். லென்ஸ் பழுது இல்லை. நெருங்க நெருங்க எல்லா மேக்ரோ லென்ஸிலும் வெளிச்சம் குறையும். நிகான் அதை மறைக்காமல் எண்ணில் காட்டுகிறது, கேனான் காட்டுவதில்லை.

இதே காரணத்தால் எஃப்/22 வரை இறக்குவதும் தப்பு. 1:1-இல் எஃப்/11 வைத்தாலே நடைமுறையில் எஃப்/22 போல ஆகி, சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனில் விவரம் கரையத் தொடங்கும். அந்த எஃப்/11-இல் கிராப் சென்சாரில் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, எஃப்/2.8-இல் சுமார் 0.2 மி.மீ. அதனால் இங்கே ஆட்டோஃபோகஸை நம்பக்கூடாது, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். வளையத்தை 1:1-இல் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, கண் தெளிந்த நொடியில் தட்டுவதுதான் முறை. தொடங்க: மேனுவல், 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ். பாப்-அப் ஃபிளாஷை அப்படியே போட்டால் லென்ஸே மறைக்கும். லென்ஸ் முனை வரை நீளும், ஒளியைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் வைத்தால் தப்பிக்கலாம். லென்ஸ் முகப்பில் மாட்டும் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், எல் லென்ஸின் ஹூட் இருக்கும் இடைவெளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

பணம் இடித்தால் ரேனாக்ஸ் டிசிஆர்-250, இருக்கும் லென்ஸின் முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. எட்டு டயாப்டர் (கண்ணாடியின் பவர்), 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் கிளிப்பாக மாட்டும். கேனான் 55-250-ஐ 250-இல் வைத்து மாட்டினால் சுமார் 2 மடங்கு பெரிதாகும், இடைவெளியும் 12 செ.மீ. அளவில் நிற்கும். 18-55 கிட் லென்ஸில் (கேமராவோடு வரும் லென்ஸ்) மாட்டினால் அவ்வளவு பெரிதாகாது, அதில் வீண். 50 மி.மீ. லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் டியூபும் (பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) வழிதான், மின் தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால். மலிவான வெற்று டியூபில் கேனான் லென்ஸின் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தே நிற்கும், அப்பர்ச்சர் வளையம் இல்லாத நிகான் ஜி லென்ஸில் முழுக்க மூடிக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல் போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் இது சகஜம். ஒரு சில தூசித் துகள்கள் இருந்தால் கவலை வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு லென்ஸ் பார்ப்பது மேல். பிறகு மிரர்லெஸ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால்: கேனான் இஎஃப் லென்ஸ்கள் அதன் ஆர் வரிசை மிரர்லெஸ் பாடிகளில் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் உட்பட அப்படியே வேலை செய்யும். நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் போல உள்ளே மோட்டார் உள்ள லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வரும், டி வகைக்கு வராது.