மாரெம்மாவா, புல்யாவா? கோல்ஃப் பையோடு இத்தாலிக் கடற்கரைக்கு

2023-இல் ரோம் நகருக்கு வெளியே மார்கோ சிமோனே மைதானத்தில் ரைடர் கப் என்ற ஐரோப்பா – அமெரிக்கா கோல்ஃப் போட்டி நடந்தது. ஐரோப்பிய அணி 16.5 – 11.5 என்று அமெரிக்காவை மண்ணைக் கவ்வ வைத்தது. இத்தாலியில் கோல்ஃபும் ஆடலாம் என்பது நம்மில் பலருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரிக்கரை வேண்டாம், பெருநகரம் வேண்டாம், கடலும் வயலும் ஒட்டிக்கிடக்கும் நாட்டுப்புறம்தான் வேண்டும் என்று வடிகட்டினால் கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சும். ஒன்று டஸ்கனியின் தெற்கு ஓரமான மாரெம்மா. இன்னொன்று, இத்தாலியைக் காலணியாகப் பார்த்தால் குதிகால் பகுதியில் வரும் புல்யா. (சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ‘புலியா?’ என்று கேட்பது போலவே இருக்கும்.)

சிசிலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஷாக்கா ஊர்ப் பக்கம் வெர்துரா என்று பெரிய ரிசார்ட் இருக்கிறது. கைல் பிலிப்ஸ் வடிவமைத்தது, 2012-லும் 2017-லும் ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைத் தொடரின் போட்டிகள் நடந்த இடம். ஆனால் ஒரு வாரமும் ஒரே வேலிக்குள் கழிந்துவிடும். எனக்கு அது பயணமாகத் தெரியவில்லை.

சரி, மைதானக் கணக்கை முதலில் பார்ப்போம். அதில் மாரெம்மாதான் முன்னே நிற்கிறது. போர்த்தோ எர்கோலே ஊருக்கு அருகில் அர்ஜென்தாரியோ: 18 ஹோல் (குழி), பார் 71 (தேர்ந்த ஆட்டக்காரர் 71 அடியில் முடிக்க வேண்டும்), குன்றும் புதர்க்காடுமான நிலம், மேட்டில் நின்றால் கீழே ஒர்பெத்தெல்லோ உப்பங்கழி. 2025 இத்தாலியன் ஓபன் இங்கேதான் நடந்தது; பிரான்ஸின் அட்ரியன் சாடியே வென்றார். கடற்கரையோடு வடக்கே போனால் 1964-இல் தொடங்கிய புந்தா ஆலா. பைன் மரங்களுக்கு நடுவே ஆடலாம், எதிரே எல்பா தீவு தெரியும். உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் சத்தூர்னியா, ரொனால்ட் ஃப்ரீம் வடிவமைத்த 18 ஹோல். அர்ஜென்தாரியோவிலிருந்து காரில் சத்தூர்னியா ஒரு மணி நேரம், புந்தா ஆலா அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரே வீட்டில் தங்கிக்கொண்டே மூன்று வகை நிலத்தில் ஆடலாம் என்பதுதான் இதன் பலம். ஒரே எச்சரிக்கை, அர்ஜென்தாரியோவில் ஏற்ற இறக்கம் அதிகம். முழங்கால் தகராறு செய்கிறவர்கள் வீம்பு பார்க்காமல் பக்கி (மைதானத்தில் ஓட்டும் சின்ன வண்டி) எடுத்துக்கொள்வது நல்லது.

புல்யாவில் நட்சத்திரம் ஒன்றுதான்: பாரிக்கும் பிரிந்திசிக்கும் நடுவே, சவெல்லெத்ரி கடற்கரையில் இருக்கும் சான் தொமெனிகோ. தட்டையான நிலம், கரையோரத்திலேயே ஆட்டம், பக்கத்தில் எக்னாசியா என்ற பழைய நகரின் இடிபாடுகள். முன்பு, ஐரோப்பிய டூருக்கு அடுத்த படியான சேலஞ்ச் டூரின் இறுதிப் போட்டிகள் சில ஆண்டுகள் இங்கே நடந்தன. மேட்டு நிலம் இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். வடக்கிலிருந்து வரும் த்ரமொந்தானா நம் வாடைக்கு உறவு. தென்கிழக்கிலிருந்து வரும் ஷிரோக்கோ ஈரமும் வெக்கையுமாக உடம்போடு ஒட்டும். காலையில் ஒன்பதாம் அயர்ன் மட்டை போதும் என்று இருந்த இடத்தில் மதியம் பந்தை இன்னும் தூரம் அனுப்பும் ஏழாம் அயர்னைத் தாழ அடிக்க வேண்டிவரும். அந்த ஆட்டம் பிடித்தவருக்கு இது ஒன்றே போதும். மூன்று நாளும் மூன்று மைதானம் ஆடியது போலத்தான். வேறு மைதானம் வேண்டும் என்றால் தெற்கே லெச்சே பக்கம் அக்காயா இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓட்ட வேண்டும்.

அந்தச் சாலையில் போகும்போது ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஃபசானோ, ஒஸ்தூனி பக்கம் சிவப்பு மண்ணில், தண்டு முறுக்கிக்கொண்டு பிளந்து நிற்கும் கிழட்டு ஒலிவ மரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் சிலவற்றைக் கட்டிப்பிடிக்க முடியாது. தெற்கே இறங்க இறங்க அதே மரங்கள் இலையில்லாமல் சாம்பல் நிற எலும்பாக நிற்கும். சைலெல்லா என்ற பாக்டீரியா. 2013-இல் கல்லிப்போலி பக்கம் கண்டுபிடித்தார்கள்; ஒரு பூச்சி மரத்துக்கு மரம் பரப்ப, லட்சக்கணக்கில் காய்ந்து போயின. சுற்றுலா விளம்பரத்தில் வடக்குத் தோப்பு மட்டும்தான் வரும்.

இதுவரை மாரெம்மா ஜெயித்தது போல இருக்கிறது. ஆனால் கோல்ஃப் பயணத்தைத் தீர்மானிப்பது ஆடுகிற நாலரை மணி நேரம் அல்ல என்பது என் கட்சி. கூட வருகிறவர், அதுவும் ஆடாதவர், அந்த நாலரை மணி நேரத்தில் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி.

மாரெம்மாவில் அவருக்கு வாய்ப்பது அமைதி. ஃபெனில்யா மணல்திட்டில் பைன் காட்டு நிழலில் சைக்கிள் ஓட்டலாம். கரவாஜ்ஜோ 1610-இல் உயிர்விட்ட போர்த்தோ எர்கோலேயின் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கலாம். சத்தூர்னியாவில் 37.5 பாகை வெந்நீர் ஊற்று இருக்கிறது. முலினோ அருவியில் இலவசமாகவே அதில் ஊறலாம். கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள், கந்தகத் தண்ணீரில் வெள்ளி கறுத்துவிடும். ஆனால் கார் இல்லாமல் இந்த ஊரில் கை ஒடிந்த மாதிரி. ஆடுகிறவர் காரை எடுத்துக்கொண்டு போனால் மற்றவர் வீட்டுக் காவல்தான்.

புல்யாவில் அப்படியில்லை. மோனோபொலி, பொலின்யானோ, ஒஸ்தூனி எல்லாம் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. பாரிக்குப் போனால் பழைய நகரின் சந்துகளில் பெண்கள் வாசலில் பலகை போட்டு ஒரெக்கியெத்தே செய்துகொண்டிருப்பார்கள். மாவைக் கயிறாகத் திரித்து, கத்தியால் துண்டு போட்டு, ஒரு இழு இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்து எடுத்தால் குட்டிக் காது மாதிரி ஆகிவிடும். பெயருக்கு அர்த்தமே அதுதான். அல்பெரோபெல்லோவின் கூம்புக் கூரை வீடுகளைச் சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வரிக்காரர்கள் வரும் சேதி தெரிந்தால் சீக்கிரம் பிரித்துப்போட வசதியாக, உள்ளூர்ப் பிரபு அப்படிக் கட்டச் சொன்னாராம். வரி ஏய்ப்புக்கு யுனெஸ்கோ 1996-இல் பட்டயம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், புல்யாதான். காய்ந்த ஃபாவா பயற்றை மசித்து, பக்கத்தில் கசப்புக் கீரையை வதக்கி வைத்து, மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருவார்கள். பருப்பு மசியலும் கீரையும்தான், ஊர் மட்டும் வேறு. கீரை போட்ட ஒரெக்கியெத்தேயில் மட்டும் நெத்திலி கரைத்திருப்பார்கள், கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். மாரெம்மா காட்டுப்பன்றி ராஜ்யம். மீன் சாப்பிடுகிறவர்கள் ஒர்பெத்தெல்லோவின் பொத்தார்காவை விடக்கூடாது: மடவைச் சினையை உப்பிட்டுக் காயவைத்தது, அதாவது சினைக் கருவாடு. மெல்லிசாகச் சீவி எலுமிச்சை பிழிந்து தருவார்கள்.

எப்போது போவது? இரண்டுக்குமே ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். மாரெம்மாவின் கோடைக்கு ஒரு கதை உண்டு. சதுப்பும் மலேரியாவுமாக இருந்த காலத்தில் க்ரொஸ்ஸெத்தோ நகரின் அரசு அலுவலகங்களே வெயில் மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு மலைமேல் ஸ்கன்சானோவுக்குப் போய்விடும். சதுப்பை வடித்துவிட்டார்கள், மலேரியா போய்விட்டது. ஸ்கன்சானோ இன்று மொரெல்லினோ வைனுக்குப் பேர் போன ஊர். ஆனாலும் 2024 கோடையில் உப்பங்கழி சூடேறி மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஆடப் போகிறேன் என்பவரை நான் தடுக்கத்தான் செய்வேன். புல்யாவும் அந்த மாதங்களில் கொளுத்தும், கடற்கரையெல்லாம் ஜனத்திரள் வேறு.

போக்குவரத்தில் மாரெம்மா சுலபம்: ரோமில் இறங்கி, ஔரேலியா நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். புல்யாவுக்கு ரோமிலிருந்து இன்னொரு விமானமோ, பாரி வரை நாலு மணி நேர ரயிலோ. செலவைப் பொறுத்தவரை, 2024 ஜி7 மாநாடு நடந்த போர்கோ எக்னாசியாதான் சான் தொமெனிகோவை ஒட்டிய பெரிய விடுதி. அதைப் பார்த்து மிரள வேண்டாம். சுற்றிலும் மஸ்ஸெரியா என்கிற பழைய பண்ணை வீடுகள் நிறைய, அங்கே தங்கிவிட்டு ஆட மட்டும் போகலாம்.

நாலு ஆட்டக்காரர்கள் சேர்ந்து போவதென்றால் மாரெம்மாவையே சொல்வேன். தம்பதியாக, ஒருவர் ஆட ஒருவர் சுற்ற என்றால் புல்யா, அதுவும் மே மாதம். எதுவானாலும் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றையும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காரை முன்பதிவு செய்யும்போது விலை பார்த்துச் சின்ன ஃபியட்டில் கை வைக்காதீர்கள். இரண்டு கோல்ஃப் பை ஏறினால் அதில் பெட்டிக்கு இடமிருக்காது.